நிரப்ப வேண்டிய இடம்: மலையகத்தில் ஆவண மாதிரிகள் பற்றிய ஒரு மீள்பார்வை

அரசாங்கத்திடமோ தோட்ட நிர்வாகத்திடமோ ஒன்றைக் கேட்க வருபவர் தம் சொல்லிலேயே எழுதிக் கேட்பது நல்லதா, வேறொருவர் முன்கூட்டியே எழுதிவைத்த வாசகத்தில் பெயரையும் திகதியையும் மட்டும் நிரப்பிக் கேட்பது நல்லதா? சட்டத்தரணிகள், நிர்வாகிகள், மானிடவியலாளர்கள், மென்பொருள் வடிவமைப்போர் என்று பலரும் இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். கணினியில் ‘டெம்ப்ளேட்’ என்று நாம் அன்றாடம் திறக்கும் வார்ப்புரு அந்த விடைகளுள் ஆகப் பிந்தியவற்றுள் ஒன்று. அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் தட்டச்சுக் கடைகளில் அச்சாகும் சத்தியக்கடதாசிகளும் விண்ணப்பக் கடிதங்களும் பெரும்பாலும் ஒரு வார்ப்புருவிலிருந்தோ, வார்ப்புருவாகப் பயன்படும் பழைய கோப்பிலிருந்தோ பிறப்பவை. இலங்கையின் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழர், எழுத்தினால் உரிமை இழந்து, எழுத்தினாலேயே அதை மீட்ட சமூகம். ஆகவே இக்கேள்விக்கு இங்கே கூடுதல் கனம் உண்டு.

நிலைத்த வாசகத்தின் நெடுங்காலம்

ஒரே வாசகத்தைப் பலருக்கும் பொருத்தும் பழக்கம் அச்சுக்கும் முந்தியது. ஐரோப்பாவில் 7ஆம் நூற்றாண்டளவில் மார்க்குல்ஃப் என்னும் துறவி மாதிரிப் பத்திரங்களைத் தொகுத்தார். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகள் அரசனின் புகழ் பாடும் நிலையான மெய்க்கீர்த்தியோடு தொடங்கலாயின. கோயிலுக்குக் கோயில் மாறியது அதற்குப் பின்வரும் கொடை விவரமே. 1454இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க்கின் அச்சுத் தொழில் முளைவிட்ட காலத்திலேயே, வாங்குபவரின் பெயருக்கும் திகதிக்கும் இடம் விட்ட பாவமன்னிப்புச் சீட்டுகள் அச்சாகின. அச்சின் ஆரம்ப வேலைகளுள் ஒன்றே, நிரப்புவதற்கான வெற்றுப் படிவம்.

ஆயினும் இத்தகைய படிவங்கள் ஆய்வாளர் கண்ணில் பட நெடுங்காலம் ஆயிற்று. லீசா கிட்டல்மன் 2014இல் வெளியிட்ட நூல், நூல் வரலாறு கவனிக்கத் தவறிய வெற்றுப் படிவங்களை மையத்துக்குக் கொண்டுவந்தது. தமிழுக்கு இன்னும் நெருக்கமானது பவானி ராமன் 2012இல் வெளியிட்ட ஆய்வு. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின்கீழ் சென்னை மாகாணக் கச்சேரிகளில் எழுத்தர்கள் பெற்ற செல்வாக்கை அது விவரிக்கிறது. வாய்ச்சொல்லும் உள்ளூர் அறிவும் தாளில் உரிய வடிவில் பதிந்தால்தான் எடுபடும் என்ற நிலை வந்தபோது, அந்த வடிவம் தெரிந்தவர் கை ஓங்கியது. தோட்டங்களுக்கு ஆள் போனது பெரும்பாலும் அதே மாகாணத்திலிருந்துதான்.

துண்டிலிருந்து பிரசாவுரிமை மனுவரை

மலையகத்தில் ஆவண மாதிரியின் முதல் முகம் ‘துண்டு’. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று துரை, அதாவது தோட்ட அத்தியட்சகர், ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி, அதைத் தொழிலாளியின் பெயரிலேயே ஏற்றிக்கொள்ளும். வாசகம் நிலையானது, மாறியவை பெயரும் தொகையும். தோட்டம் தோட்டமாக மாறினாலும் கடன் கூடவே நகர்ந்தது, பல வேளைகளில் வளர்ந்தும் போனது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தோர் கழுத்தில் தொங்கிய, தோட்ட எண் பொறித்த தகரச் சீட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவை இரண்டிலும் தொழிலாளியைப் பற்றிய விவரம் இருந்தது; தொழிலாளி எழுதியது எதுவும் இல்லை.

இரண்டாவது முகம் பிரசாவுரிமை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் மனுச் செய்ய ஒரு வழியைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாதவரும் இந்தியாவிலுள்ள ஊருக்கு ஒருமுறை போய்வந்தவரும் அந்தத் தொடர்ச்சியைத் தாளில் காட்ட வேண்டியிருந்தது. 1951 ஆகஸ்ட் 5இல் காலக்கெடு முடிந்தபோது சுமார் 237,000 மனுக்கள் சேர்ந்திருந்தன. அவை ஏறக்குறைய 825,000 பேரைத் தழுவியவை. பல ஆண்டு விசாரணைக்குப் பின் பிரசாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர் மட்டுமே.

இதோடு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தை ஒப்பிடுவது பயன் தரும். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததிக்கும் அது பிரசாவுரிமை தந்தது. இப்போது வேண்டியிருந்தது சுருக்கமான ஒரு பிரகடனப் படிவம். நடமாடும் முகாம்களில் தொண்டர்கள் உதவ, 10 நாட்களில் சுமார் 190,000 பேர் பயன்பெற்றதாக அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் தெரிவிக்கிறது. 1949இலும் 2003இலும் மக்கள் நிரப்பியது படிவத்தைத்தான். நிரூபிக்கும் பாரத்தை யார் தலையில் ஏற்றுவது என்பதில்தான் இரண்டும் வேறுபட்டன. படிவம் நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்கும் வாதங்கள் பலவும் இந்த ஒப்பீட்டின் முன் தளர்ந்துவிடுகின்றன.

சீர்மையை நம்புவோர்

முதல் நிலைப்பாடு நிர்வாகத்தாருடையதும் சட்டத்தாருடையதும். வடிவம் நிலையாக இருந்தால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கேள்வி கேட்கப்படும். எழுதத் தெரியாதவர் எழுத்துத் திறமையால் பின்தள்ளப்பட மாட்டார். அதிகாரி தன் விருப்பப்படி புதிய நிபந்தனை சேர்க்க முடியாது. இதைத் தள்ளிவிட முடியாது. ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் கே படிவத்தை எடுத்துக்கொள்வோம். என்னென்ன விவரம் தேவை என்பது அதில் வெளிப்படையாக இருப்பதால், ஓய்வுபெறும் தொழிலாளி எதைக் கேட்டு எதைத் தர வேண்டும் என்று முன்னரே அறியலாம்.

பலவீனம் எங்கே என்றால், படிவம் நிரப்புபவரைப் பற்றிச் சில அனுமானங்களோடு வருகிறது. குடும்பப் பெயர் எனும் கட்டம், தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் தமிழர் வழக்கோடு பொருந்துவதில்லை. வீட்டு இலக்கமும் வீதியும் கேட்கும் கட்டம், தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் வாழ்பவருக்குப் பொருந்தாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் அவருடைய முகவரி, கடிதமும் பல இடங்களில் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்கிறது. இத்தகைய கட்டங்களை ஒவ்வோர் எழுத்தரும் ஒவ்வொரு விதமாக நிரப்பியதால், ஒருவரே பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, சேமலாப நிதிப் பதிவில் முதலெழுத்து மாறிய இன்னொருவர் என்று மூவராகிவிடுகிறார். சீர்மைக்காக வந்த படிவங்கள் உண்டாக்கிய இந்தச் சிதறலைச் சரிசெய்ய இன்னொரு படிவம் வேண்டியிருக்கிறது. இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிப்பன என்று சமாதான நீதவான் முன் உறுதிகூறும் சத்தியக்கடதாசிதான் அது.

படிவத்தைச் சந்தேகிப்போர்

இரண்டாவது நிலைப்பாடு சமூக அறிவியலிலிருந்து வருகிறது. மக்களை எண்ணவும் வகுக்கவும் ஏற்ற வடிவில் அரசு வாழ்க்கையைச் சுருக்கிவிடுகிறது என்று ஜேம்ஸ் ஸ்கொட் 1998இல் வாதிட்டார். படிவங்களின் பெருக்கம் அதிகார ஏற்றத்தாழ்வின் வெளிப்பாடு என்றார் டேவிட் கிரேபர் 2015இல். மலையகத்தில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று தனித்தனிக் கட்டங்களை வகுத்தது. ஒரு நூற்றாண்டு கடந்து 2012இலும் 839,504 பேர் இந்தியத் தமிழர் என்றே பதிவாயினர். மலையகத் தமிழர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தலைமுறை, இனம் கேட்கும் கட்டத்துக்கு முன் நின்று தயங்குவது நியாயமானது. தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்திலும் தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சி தரும் ஏற்பாடு உண்டு. கிராமத்தவர் கிராம உத்தியோகத்தரிடம், அதாவது ஓர் அரச ஊழியரிடம், பெறுவதைத் தோட்டத்தவர் தம் முதலாளியின் பிரதிநிதியிடம் பெற நேர்கிறது.

ஆனால் இந்த விமர்சனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அரசின் பார்வைக்குள் இழுக்கப்படுவதையே அது ஆபத்தாகக் காண்கிறது. மலையக மக்களின் நெடுந்துயரில் பெரும் பகுதி அரசின் பதிவேட்டில் இடம்பெறாததால் வந்தது. பிறப்புப் பதிவு இல்லாமையால் அடையாள அட்டை இல்லை. அது இல்லாமையால் வாக்கும் வங்கிக் கணக்கும் எட்டவில்லை. அவர்கள் கேட்டது படிவமற்ற உலகத்தை அல்ல, தமக்குப் பொருந்தும் படிவத்தை.

மென்பொருள் சொல்லும் விடை

மூன்றாவது நிலைப்பாடு கணினியோடு வந்தது. ஆவணத்தின் அமைப்பை அதன் தோற்றத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்ஃபார்ப் முதலியோர் தொடங்கிய குறியீட்டு மொழி இந்த எண்ணத்தின் முக்கிய ஊற்று. மைக்ரோசொப்ட் வேர்ட், லிப்ரே ஒபிஸ் போன்றவற்றின் பாணிகளும் வார்ப்புருக்களும் இதே எண்ணத்தை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்தன. வார்ப்புருவாகச் சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால், அதன் பிரதியாகப் பெயரிடாத புதிய ஆவணம் திறக்கும், மூலம் கெடாது. மாற்றக்கூடாத வாசகத்தைப் பூட்டலாம். வேர்ட் 2007 முதல், ஓரிடத்தில் இட்ட பெயர் ஆவணமெங்கும் தானே பதியும்படியும் அமைக்கலாம்.

நடைமுறை வேறு. பெரும்பாலான கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் வார்ப்புரு என்பது நேற்று வந்தவருக்கு அடித்த கோப்புதான். அதைத் திறந்து, பெயரை மாற்றி, அச்சிட்டு, அப்படியே சேமித்துவிடுகிறார்கள். ஐந்து இடத்தில் வரும் பெயர் நான்கு இடத்தில் மாறும். மகன் என்றிருந்தது மகள் ஆகாமல் நிற்கும். முன்பு வந்தவரின் அடையாள அட்டை இலக்கத்தில் கடைசி எண்கள் தங்கிவிடும். பெயர் முரண்பாட்டைத் தீர்க்க எழுதிய சத்தியக்கடதாசியே புதிய முரண்பாட்டைச் சுமந்து போய்ச் சேர்கிறது. அது திரும்பி வரும்போது தொழிலாளிக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகிறது. பஸ் காசும் போகிறது.

இதைத் தட்டச்சு செய்பவரின் கவனக்குறைவு என்று சொல்லி முடிப்பது நியாயமாகாது. வேர்டின் பழைய பதிப்புகள் வார்ப்புருக்களைப் பயனர் கண்ணில் படாத ஓர் உட்கோப்புறையில் வைத்தன. நச்சுநிரல் பயம் வேறு. 1995இல் ‘கொன்செப்ட்’, 1999இல் ‘மெலிஸா’ ஆகியவை வேர்டின் பொது வார்ப்புருவையே தொற்றிப் பரவின. நிரல் கொண்ட வார்ப்புருவையும் நிரலற்றதையும் வெவ்வேறு கோப்பு வகைகளாக 2007இல் பிரித்தார்கள். கணினி வகுப்புகளில் எழுத்தைத் தடிப்பாக்கக் கற்பிக்கும் அளவுக்கு வார்ப்புருவைச் சேமிக்கக் கற்பிப்பதில்லை. வசதி மென்பொருளில் இருக்கிறது. அது கைக்கு வந்துசேர வழி அமையவில்லை.

பாமினிக் கோப்புகளின் பாரம்

மென்பொருள் வாதத்தின் பெரிய இடைவெளி தமிழெழுத்தில் தெரிகிறது. இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. ரெங்கநாதன் தட்டச்சுப் பலகையில் பழகிய விரல்களுக்கு அது இலகுவாக வந்தது. ஆனால் பாமினியில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது ஆங்கில எழுத்துகளாகக் கலைந்து, மெய்யின் புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். தோட்டப் பெயர்ப்பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில விசைகளின் ஒழுங்கில் வரும். தேடினால் சிக்காது.

ஒருங்குறி இதற்குத் தீர்வாயிற்று, இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரமும் தமிழுக்கு உண்டு. எனினும் வருடக்கணக்கில் சேர்ந்த மாதிரிக் கடிதங்கள் பாமினியில் கிடக்கின்றன. மாற்றி எழுதும் கருவிகள் உண்டென்றாலும், ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால் ஆங்கிலச் சொல்லும் தமிழாக உருமாறிக் குழம்பும். அடையாள அட்டை இலக்கமும் ஆங்கிலப் பெயரும் நிறைந்த சத்தியக்கடதாசியில் இது சிறு தொல்லை அல்ல. ஒருங்குறியிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. வேர்டின் பாணியில் தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் இலத்தீன் எழுத்துக்கு உரியதிலிருந்து தனியே குறிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென அமைத்த வார்ப்புருவில் தமிழ் இட்டால், வடிவமைத்தவர் நினைக்காத எழுத்துருவும் வரியிடைவெளியும் வந்து பக்கம் குலையும். ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழ்ச்சொல் அடங்காமல் கீழே இறங்கும்.

மொழி உரிமையும் மூலப் பிரதியும்

நான்காவது நிலைப்பாடு மொழி உரிமையை முன்வைப்பது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988இன் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்கீழ் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. எனவே தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இந்நிலைப்பாட்டினர் பெரும்பாலும் படிவத்தின் மொழிபெயர்ப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. மூலப் பிரதி எம்மொழியில் எழுதப்படுகிறது, திருத்தம் வரும்போது மற்ற மொழிப் பிரதிகளை யார் திருத்துகிறார், மக்கள் கையில் எந்த வடிவில் கிடைக்கிறது என்பவை அதே அளவு முக்கியமானவை. திருத்த முடியாத படமாக வலையேற்றப்படும் படிவத்தைக் கடைக்காரர் மீண்டும் கையால் அடிக்கிறார். அப்போதே சொற்கள் மாறத் தொடங்குகின்றன. ஒருங்குறியில், நிரப்பத்தக்க கோப்பாக, அதிகாரபூர்வமாகவே தந்தால் இந்தப் பிழைகளில் பாதி பிறக்காது. தொழிற்சங்க அலுவலகங்களும் பாடசாலைகளும் இதைப் பொதுவில் வைத்துப் பேண முடியும். லிப்ரே ஒபிஸ் போன்ற இலவசச் செயலியே போதும்.

சட்டமே ஒரு நல்ல முன்மாதிரி தருகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பப் படிவம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எழுத்தில் கேட்க இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம். அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. மாதிரியின் வசதியும் அதற்கு வெளியே பேசும் உரிமையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

தீராத வினாக்கள்

நான்கு நிலைப்பாடுகளும் ஒவ்வொரு பகுதியைச் சரியாகவே காண்கின்றன. எனினும் மலையகத்தைப் பொறுத்தவரை, நிலைத்த வாசகமா சொந்த வாசகமா என்ற எதிர்நிலையைவிட, மூலக் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதே கூடுதலாகத் தீர்மானிக்கிறது எனத் தோன்றுகிறது. துண்டின் வாசகத்தைத் துரைதான் மாற்ற முடிந்தது. இன்றைய சத்தியக்கடதாசியின் வாசகத்தைக் கடைக்காரர் மாற்றலாம். கையொப்பமிடுபவரால் பெரும்பாலும் முடிவதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் கடிதம் எழுதித் தருவதால் வார்ப்புருவே வேண்டியதில்லை என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். அவசரமான முடிவு அது. அச்செயலி எழுதும் சட்டத் தமிழ் இலங்கை வழக்கோடு ஒத்துப்போகுமா, பிழைக்கு யார் பொறுப்பு என்பவை இன்னும் தெளியவில்லை. கையொப்பமிடுபவர் அதை வாசித்துச் சரிபார்க்க வேண்டிய தேவையும் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான வினா சத்தியக்கடதாசியின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. மேலுள்ள விடயங்கள் வாசித்து விளக்கப்பட்டன, உறுதிகூறுபவர் விளங்கிக்கொண்டதாகத் தோன்றியது என்று அங்கே எழுதியிருக்கும். அதன் கீழேதான் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வரும். அந்த வரியும் வார்ப்புருவில் ஏற்கனவே உள்ளதே. யாரும் எதையும் வாசிக்குமுன்பே அது அச்சாகிவிடுகிறது. வேர்டில் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்கலாம், திகதியைத் தானே வரவைக்கலாம். அந்த ஒரு வரி உண்மையானது என்பதை உறுதிசெய்ய எந்தக் கட்டமும் இதுவரை வகுக்கப்படவில்லை. ஆவணம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கும்போது ஒரு தமிழ்ப் பிரதியை முன்கூட்டியே கையில் கொடுப்பதா, வாசித்துக் காட்டியவரின் பெயரும் மொழியும் எழுதத் தனி இடம் விடுவதா, சமாதான நீதவானின் கடமையாக அதைச் சட்டத்திலேயே இறுக்குவதா என்பதை இனித்தான் பேசித் தீர்மானிக்க வேண்டும்.